குழாய் முதலில், தீ பிறகு

நான் வேலை பார்த்த கல்லூரியில் போன மாதம் ஒரு பலகையைத் திறந்துவைத்தார்கள். சிலை இல்லை, கட்டடம் இல்லை, பலகை. வேதியியல் ஆய்வகத்துக்குள் போகிறவர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பச்சை பெயின்டில் எழுதி வாசலில் மாட்டியிருக்கிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும். கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். அமிலத்தை வாயால் உறிஞ்சக் கூடாது. திறந்துவைக்க என்னைக் கூப்பிட்டார்கள். அந்தத் துறையின் பழைய ஆட்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தானாம். அதோடு, "உங்க காலத்துல பாதுகாப்பு எப்படி இருந்துச்சுன்னு நம்ம ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க சார்" என்றும் கேட்டார்கள். எழுதிவிட்டேன். போடுவார்களா என்பது அவர்கள் பாடு.

பலகையை ஒரு வரி விடாமல் படித்தேன். எல்லாம் நல்ல விதிகள். எங்களிடமும் நல்ல விதிகள்தான் இருந்தன. வினையே அங்கேதான் வந்தது.

எனக்குச் சொந்த ஊர் இலுப்பூர். திருச்சியில் வேதியியல் படித்து, அந்த நாளில் அதற்கும் கொடுத்த பி.ஏ. பட்டத்தை வாங்கிக்கொண்டு, புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த நாளில் இந்தக் கல்லூரிக்கு டெமான்ஸ்ட்ரேட்டராக வந்தேன். தனவந்தர் ஒருவர் தன் தகப்பனார் நினைவாகத் திருமயம் சாலையில் கட்டிய கல்லூரி. பெயர் எதற்கு? டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் புரொபசர் வகுப்பில் சொல்வதை ஆய்வகத்தில் செய்து காட்டுகிறவன். சொன்னபடி நடந்தால் பெருமை புரொபசருக்கு, நடக்காவிட்டால் சிறுமை எனக்கு. படித்த படிப்பெல்லாம் ஒரு பக்கம். இந்த ஒரு பாடத்தை மட்டும் வந்த வருஷமே கற்றுக்கொண்டேன்.

புரொபசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீமைக்குப் போய் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தவர். கோட்டு, தலைப்பாகை, பளபளவென்று பூட்ஸ். அவர் கையால் ஒரு பாட்டிலிலிருந்து அமிலம் ஊற்றுவதைப் பார்க்க வேண்டும். லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்கும், மூடி இரண்டு விரலுக்கு நடுவே இருக்கும், ஊற்றியபின் பாட்டிலின் கழுத்தில் ஒரு சொட்டு நிற்காது. எங்களுக்கெல்லாம் அந்தக் கை வரவே இல்லை. தொழிலில் அவரிடம் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. இன்றைக்கும் எழாது.

அவர் விடாமல் கற்பித்த ஒரு பாடம் பிராணவாயு தயாரிப்பது. தடித்த கண்ணாடிச் சோதனைக்குழாயில் பொட்டாசியம் குளோரேட் உப்பைப் போட்டு, இரும்பு ஸ்டாண்டில் சாய்வாகப் பிடித்து, கீழே ஸ்பிரிட் விளக்கை வைக்க வேண்டும். வாய்க்குத் தக்கை. தக்கையிலிருந்து ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய் கிளம்பி, எதிரே இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கும். சூடு ஏறினால் வாயு குமிழ் குமிழாக வந்து, தண்ணீரில் கவிழ்த்து வைத்த ஜாடியை நிரப்பும். பிடித்தது போதும் என்றால் வளைந்த குழாயை முதலில் தண்ணீரைவிட்டு வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் விளக்கை அணைக்கலாம். மாற்றிச் செய்தால் போச்சு. உள்ளே இருக்கும் வாயு ஆறிச் சுருங்கும். சூடான டம்ளரை ஈரத் தட்டில் கவிழ்த்தால் கவ்விக்கொள்கிறதே, அதே சங்கதிதான். தொட்டித் தண்ணீர் குழாய் வழியே ஏறிப் போய், உருகிக் கொதிக்கிற உப்பின் மேல் விழும். கண்ணாடி தாங்காது.

ஒவ்வொரு வருஷமும் முதல் பிராக்டிகல் அன்று ஒவ்வொரு பையனையும் புரொபசர் எழுப்பிக் கேட்பார்.

"முதல்ல என்ன?"

"குழாய்ங்க ஐயா."

"அப்புறம்?"

"தீங்க ஐயா."

பாடம் அது. இனி மரியாதைக்கு வருகிறேன். புரொபசர் ஆய்வகத்துக்குள் கால் வைத்தால் எல்லோரும் எழுந்து கைகட்டி நிற்க வேண்டும். அவராக "ம்" என்று சொல்லும் வரை யாரும் எதையும் தொடக் கூடாது. அட்டெண்டர் மாரிமுத்து வாசலில் நின்று ஒரு செருமல் செருமுவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது போல, புரொபசர் கவனிக்காமல் விட்டாலும் மாரிமுத்து விடமாட்டார். எவன் எழவில்லை என்று விரலை நீட்டிக் காட்டிக்கொடுப்பார்.

நான் சேர்ந்த புதிதில் திருமயத்துப் பையன் ஒருவன் இப்படி எழுந்து நின்றபோது தோளில் கிடந்த துண்டின் நுனி எரிகிற விளக்கில் விழுந்து பிடித்துக்கொண்டது. முழங்கை வரைக்கும் வெந்துபோனான். மறுநாளே புரொபசர் ஒரு விதி போட்டார்: தான் வரும்போது விளக்குக்கு மூடி போட்டு அணைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். நான் மெச்சினேன். இப்போதும் சொல்கிறேன், அது நல்ல விதி. பையன்கள் உடம்பில் அக்கறை உள்ளவர் போட்ட விதி.

ஆனால் பிராணவாயு பிடிக்கிற அன்று என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். செருமல் கேட்டதும் அத்தனை பையன்களும் தீயை அணைத்துவிட்டு எழுந்து கை கட்டுவார்கள். குழாய் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். புரொபசர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து வருவார். எங்காவது ஒரு மூலையில் 'டப்' என்று ஒரு குழாய் விரியும். "கேர்லெஸ் ஃபெலோ" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பையனும் தலையைக் குனிந்துகொள்வான். வருஷா வருஷம் குழாய் உடைந்தது, வருஷா வருஷம் எவனாவது கவனக்குறைவானவன் ஆனான். உடைந்த குழாய்கள் எல்லாம் அவர் வரும்போதே ஏன் உடைகின்றன என்று அந்தக் கட்டடத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

நான் ஒரு தடவை கேட்டேன். அவர் அறையில், நின்றுகொண்டேதான்.

"ஐயா, வாயு பிடிக்கிற அன்னிக்கு மட்டும் பையன்க எந்திரிக்காம இருந்தா நல்லதுங்க. தண்ணி உள்ள இழுத்துருது."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "இன்னிக்கு ஆக்சிஜன்னு ஒக்காருவான். நாளைக்கு நைட்ரஜன்னு ஒக்காருவான். அப்புறம் என்னிக்குத்தான் நிப்பான்? நீங்க சொல்றது கெமிஸ்ட்ரி. நான் சொல்றது டிஸிப்ளின். ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க."

அதற்கு மேல் ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் என்ன பேசுவது? ஆனாலும் பையன்களிடம், செருமல் கேட்டால் குழாயை முதலில் இழுத்துவிடு, கொஞ்சம் தாமதமாக எழுந்தால் தலை போய்விடாது என்று சொல்லிவைப்பேன். தலையை ஆட்டுவார்கள். செருமல் கேட்டதும் மறந்துவிடுவார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து வாத்தியாரைக் கண்டால் துள்ளி எழுந்து பழகிய உடம்பு, நான் சொல்லியா கேட்கும்?

பிறகு இரண்டாவது உலகச் சண்டை வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த கெட்டிக் கண்ணாடி நின்றது. கிடைத்ததை வாங்கினோம். மெல்லிய கண்ணாடி, சூடு தாங்காத கண்ணாடி. முன்பெல்லாம் விரிசல் விட்டு நின்ற குழாய் இப்போது வெடிக்கத் தொடங்கியது.

அந்த வருஷத்து இண்டர்மீடியட் வகுப்பில் சொக்கலிங்கம் என்று ஒரு பையன். பொன்னமராவதிப் பக்கத்தில் நிலம் உழுகிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. அவன் ஊரிலிருந்து கல்லூரிப் படி ஏறியவன் அவன்தான். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. ஆசை மட்டும் இல்லை, தகுதியும் இருந்தது. கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி வளைக்கும்போது அவன் கையில் அவசரமே இருக்காது. புரொபசரே ஒரு தடவை நின்று பார்த்து, "குட்" என்றார். அன்றைக்கு முழுக்க அவன் கால் தரையில் பாவவில்லை.

ஒரு நாள் பிற்பகல் பிராணவாயு பிராக்டிகல். புரொபசர் ஒரு சமஸ்தான அதிகாரியைக் கூட்டிக்கொண்டு ஆய்வகத்தைக் காட்ட வந்தார். மாரிமுத்து வழக்கத்தைவிடப் பெரிதாகச் செருமினார். மளமளவென்று விளக்குகள் அணைந்தன. முக்காலிகள் கிறீச்சிட்டன. சொக்கலிங்கம் மட்டும் எழவில்லை. ஜாடி பாதி நிரம்பியிருந்தது. அவன் குழாயை வெளியே எடுக்கப் பார்த்தான். ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தினால்தான் குழாய் மேலே வரும்; திருகு துருவேறிப்போய் இருந்ததால் சட்டென்று சுழலவில்லை. இரண்டு கையாலும் திருகிக்கொண்டிருந்தான்.

மாரிமுத்து விரலை நீட்டினார். புரொபசர் திரும்பினார்.

"யாரது அங்க?"

அவ்வளவுதான் கேட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை. பையன் திருகை விட்டான். விளக்கு மேல் மூடியைப் போட்டான். எழுந்து கைகட்டி நின்றான்.

நான் அறையின் மறுகோடியில் இருந்தேன். அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. வளைந்த குழாயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவன் முகத்துக்கு நேர் எதிரே ஏறிக்கொண்டிருந்தது. அவனும் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே கைகட்டி நின்றான். "டேய், வெலகு!" என்று கத்திக்கொண்டு நான் ஓடினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, புரொபசரைப் பார்த்தான். 'ம்' சொல்வாரா என்று பார்த்தான். அதற்குள் வெடித்துவிட்டது.

இடது கண் அங்கேயே போய்விட்டது. வலது கண்ணிலும் கொதிக்கிற உப்பு தெறித்திருந்தது. தொட்டியிலிருந்த தண்ணீரையே வாரி வாரி அவன் முகத்தில் ஊற்றினேன். அந்த நேரத்திலும் அவன், "ஐயா கோவிச்சுக்கிட்டாங்களா சார்?" என்றுதான் கேட்டான்.

புரொபசர் தன்னுடைய காரிலேயே பையனை மதுரைக்கு எடுத்துப் போனார். தலைப்பாகையைக் கழற்றி அவன் தலைக்கு அண்டை கொடுத்தார். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரைப் பிடித்து வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்தார். அழுதார் என்றும் டிரைவர் சொன்னார். நம்புகிறேன். அவரிடம் கருணைக்குக் குறைச்சல் இல்லை. நியாயத்துக்குத்தான் பஞ்சம்.

பையனின் தகப்பனார் வந்தார். தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆய்வகத்து வாசலிலேயே நின்றார், உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார்.

"சார், நாங்க கம்பு வெதைக்கிறவங்க. இந்தக் கண்ணாடி, குழாயெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. ஊர்ல அங்கிட்டும் இங்கிட்டும் பேசுறாங்க, படிக்கப் போன எடத்துல வெளையாண்டு கண்ண அவிச்சுக்கிட்டான்னு. எம்மவன் தப்புப் பண்ணுனானா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"இல்லைங்க. ஒங்க மகன் மேல ஒரு தப்பும் இல்ல. சரியாத்தான் செய்யப் போனான். செய்ய விடல."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க சொன்னதுக்குப் புண்ணியமாப் போகும். ஆனா ஒங்க வார்த்த ஊர்ல எடுபடாதுங்க. அந்தப் பெரியவங்க ஒரு வார்த்த சொல்லணும். நீ செஞ்சது சரிடான்னு எம்மவங்கிட்ட ஒரு வார்த்த. கண்ணு போனது போகட்டும், பேரு போகக் கூடாது."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், கல்லூரியில் வைத்த விசாரணைக்கு நான் போனேன். பிரின்சிபால் அறையில் நடந்தது. அவர் ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறவர். தண்ணீர் ஏன் ஏறியது, திருகு ஏன் சுழலவில்லை, பையன் ஏன் கையை எடுத்தான் என்று எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு போய் மேஜைமேல் வைத்துக் காட்டினேன்.

புரொபசர் அமைதியாகச் சொன்னார்: "நான் வருஷா வருஷம் கேட்டுக் கேட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். குழாய் முதல்ல, தீ அப்புறம். இவன் தீயை முதல்ல அணைச்சான். இதுல விசாரிக்க என்ன இருக்கு?"

ஒரு எழுத்து பொய் இல்லை. பையன் தீயைத்தான் முதலில் அணைத்தான்.

பிரின்சிபால் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்போ, புரொபசர் உள்ள வரும்போது பையன்கள்லாம் கால்மேல கால் போட்டு ஒக்காந்திருக்கணுங்கிறீங்களா?" அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெளியே குமாஸ்தாக்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விசாரணை முடிந்தது. நான் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மாணவனின் கவனக்குறைவு என்று முடிவு செய்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்கள் கல்லூரியில் கண் கெட்ட பிறகும் சூரியனை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வருஷத்திலிருந்து பிராணவாயுவை மாணவர்கள் செய்ய வேண்டாம், டெமான்ஸ்ட்ரேட்டர் மட்டும் முன்மேஜையில் செய்து காட்டினால் போதும் என்று உத்தரவு வந்தது. பிராணவாயுவை நிறுத்தினார்கள், எழுந்து நிற்பதை நிறுத்தவில்லை. மாரிமுத்து செருமிக்கொண்டேதான் இருந்தார். விசாரணையில் அதிகம் பேசிய நானும் கடைசிவரை டெமான்ஸ்ட்ரேட்டராகவே இருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் லெக்சரர் ஆனார்கள், அவர்கள் வரும்போது நானும் எழுந்து நின்றேன்.

கட்டுப் பிரித்ததும் சொக்கலிங்கம் திரும்பி வந்தான். பரீட்சை எழுத வேண்டுமானால் புரொபசரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். கேட்டான். ஒற்றைக் கண்ணோடு கைகட்டி நின்று, "தப்புத்தாங்க ஐயா, மன்னிச்சிருங்க" என்றான். புரொபசர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். வாசலில் நின்ற தகப்பனார் அதைக் கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் நடந்தார். அவர் கேட்டு வந்த வார்த்தை அது இல்லை.

பையனால் அதன்பிறகு கண்ணாடியைத் தொட முடியவில்லை. குழாயை நீட்டினால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அந்தக் கோடைக்கே படிப்பை விட்டுவிட்டான்.

சுதந்திரம் வந்து, சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த பிறகு ஒரு கல்யாணத்துக்காகப் பொன்னமராவதி போயிருந்தேன். கடைத்தெருவில் விதைக்கடை வைத்திருந்தான். குரலை வைத்துத்தான் என்னைத் தெரிந்துகொண்டான். மிச்சக் கண்ணும் மங்கியிருந்தது. தெரிந்ததும் எழுந்து கைகட்டி நின்றான்.

"ஒக்காருப்பா."

"இருக்கட்டும் சார்." நின்றபடியே கேட்டான். "சார், அன்னைக்கு நான் ஐயா சொன்னதக் காதுல வாங்காம அந்தக் குழாய எடுத்திருந்தா, ஐயா என்ன செஞ்சிருப்பாங்க?"

என்ன செய்திருப்பார்? நேர்மையாகத்தான் பதில் சொல்ல வேண்டும். "வைதிருப்பாருப்பா."

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

அவன் கம்பு விதையைக் கையில் அள்ளி அள்ளிக் கோணியிலேயே விட்டுக்கொண்டிருந்தான். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவன் காலமாகிச் சில வருஷம் ஆகிறது என்று பிறகு கேள்விப்பட்டேன். புரொபசரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் படம் இப்போது கல்லூரி மண்டபத்தில் மாலையோடு தொங்குகிறது.

பலகை திறந்த அன்றைக்கு வருகிறேன். ரிப்பனை வெட்டினேன். துறைத் தலைவர் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். பிராக்டிகல் நடந்துகொண்டிருந்தது. நல்ல வெளிச்சம், காஸ் அடுப்பு, கண் கழுவுவதற்கென்றே தனியாக ஒரு குழாய். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தலைவர் கையைத் தட்டினார். "எல்லாரும் எந்திரிங்க! சார் வந்திருக்காங்க."

படபடவென்று காஸைத் திருகி மூடிவிட்டு வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. ஜன்னலோரம் ஒரு பெண் மட்டும் எழவில்லை. ஏதோ ஒரு வாயுவைத் தண்ணீர்மேல் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, ஒனக்குத் தனியாச் சொல்லணுமா?"

"குழாய எடுத்துட்டு எந்திரிக்கிறேன் சார்."

எடுத்தாள். பதறாமல் ஸ்டாண்டைத் தளர்த்தி, தண்ணீரிலிருந்து குழாயை வெளியே தூக்கிவிட்டு, அப்புறம் தீயை அணைத்துவிட்டு எழுந்தாள். தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க சார், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியல" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவள் கைகட்டி நின்று, "தப்புத்தான் சார், மன்னிச்சிருங்க" என்றாள்.

பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். பொன்னமராவதிச் சம்சாரி ஒருவர் இந்தக் கட்டடத்து வாசலில் நின்று கேட்ட வார்த்தையை, கேட்டவருக்கும் இல்லாமல், உரியவனுக்கும் இல்லாமல், இந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"நீ செஞ்சது சரிம்மா."

தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களா, நம்ம சாருக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு!"

எல்லோரும் நின்றபடியே கைதட்டினார்கள்.